பிரவுணிக்கு வந்த கழுத்துப்பட்டி

நவம்பர் 11, செவ்வாய். விடாத மழை.

என்னங்க, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கணும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். உங்களுக்குக்கூடக் காட்டாத நாட்குறிப்புக் கொப்பிதான் இது, ஆனாலும் மனதில் உங்களிடம் பேசுவது போலத்தான் வருகிறது.

கொழும்பிலிருந்து நீங்கள் அனுப்பிய பார்சல் கிடைத்தது. கறுப்புப் பட்டி, உள்பக்கம் இரண்டு இரும்பு முனை, கையில் பிடிக்க ரிமோட். அழுத்தினால் நாயின் கழுத்தில் கரண்ட் அடிக்கும். அளவு 1 முதல் 100 வரை. நூறு எதற்கு? யானைக்கா?

காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்வியக்காவை நம் பிரவுணி மறுபடியும் துரத்தியது. கடிக்கவில்லை. அக்கா வழுக்கி விழுந்து முழங்காலில் சிராய்ப்பு. எழுந்ததும் சொன்னார்:

"டீச்சர், ஒண்ணு ஒங்க நாயைத் திருத்துங்க, இல்ல எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. பச்சப்புள்ள இருக்க வீடு வேற."

இந்த வீட்டு வரிசைக்குப் பொறுப்பான லயத்துத் தலைவர் சனிக்கிழமை வரை தவணை சொல்லிவிட்டார்.

பச்சப்புள்ள இருக்க வீடு. அது மட்டும் காதை விட்டுப் போகவில்லை. பாப்பாவுக்கு மூன்று வயது. பிரவுணியின் காதைப் பிடித்து இழுத்துத்தான் விளையாடுகிறாள்.

12, புதன்

வாங்க வேண்டியது: சோப், பாப்பாவுக்கு இருமல் மருந்து.

போனில் ஒரு மணி நேரம் வாசிப்பு. சில நாடுகளில் இந்தப் பட்டிக்குத் தடையாம். சரியான நொடியில் அழுத்தினால் இரண்டே நாளில் பழகிவிடும் என்கிறார் ஒருவர். வலிக்கும்போது நாய் எதைப் பார்க்கிறதோ அதன்மேல் வெறுப்பு விழும் என்கிறார் இன்னொருவர். அந்த நொடியில் அது பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

சாயந்திரம் என் மணிக்கட்டிலேயே கட்டிப் பார்த்தேன். 5: ஒன்றுமில்லை. 10: எறும்புக் கடி. 20: கை தானாக உதறியது. பாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. ரிமோட்டை எடுத்து அவளே அழுத்திவிட்டாள்.

"இன்னொருக்கா குதிம்மா!"

வலித்த அந்தக் கணத்தில் அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவளை.

பட்டி இப்போது அலுமாரி மேல்.

13, வியாழன். கொஞ்சம் வெயில்.

பதுளை மிருக வைத்தியருக்குப் போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். "பட்டியை விடுங்கோ பிள்ளை. நாய் எல்லாரையும் துரத்துதோ, குறிப்பிட்ட ஆக்களை மட்டுமோ? அதைப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. இன்று பார்த்தேன்.

தபால்காரர்: சும்மா கிடந்தது.
பால்காரர்: வாலாட்டல்.
செல்வியக்கா, காலை: குரைப்பு, பல்.
செல்வியக்கா, மாலை, குளித்த பிறகு: வாலாட்டல்!

ஒரே ஆள். காலையில் மட்டும் இடுப்பில் படங்கு. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது நனையாமல் கட்டுகிற பிளாஸ்டிக் சீலைதான்.

பழைய படங்கு ஒன்றை இரவல் வாங்கி, கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப் பக்கமாக வந்தேன். என்னையே பார்த்துக் குரைத்தது. தினமும் சோறு போடுகிற என்னை. கழற்றிப் போட்டதும் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து காலை நக்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும்.

14, வெள்ளி

செல்வியக்காவிடம் சொன்னேன். முதலில் முழித்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, நாந்தான் டீச்சர்! குட்டியா இருக்கப்ப என் ரொட்டிப் பொட்டலத்த இழுக்க வரும். படங்கால ரெண்டு வீசு வீசுவேன். அதையா இன்னும் நெனப்பு வச்சிருக்கு?"

"நீங்க மறந்துட்டீங்க, அது மறக்கல அக்கா."

"அதுக்காக என் முட்டி செராஞ்சது இல்லன்னு ஆயிருமா?"

இல்லைதான். ஆனாலும் படங்கைக் கட்டிக்கொண்டே பத்தடி தள்ளி நின்று ரொட்டித் துண்டு வீசினார். பிரவுணி உறுமிக்கொண்டே தின்றது.

15, சனி. மூடுபனி.

காலை: இரண்டே குரைப்பு. துரத்தவில்லை. ரொட்டி தின்றது. ஆனால் பாப்பா அதன் கிட்டே போனபோது மறுபடியும் ஒரு உறுமல். படங்கைப் பார்த்தா, அவளைப் பார்த்தா? தெரியவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

தலைவர் வந்தார். "செல்வி சொல்றதால அடுத்த சனி வரைக்கும் பாப்போம். அப்பறம் பட்டி மாட்டுறதோ, கொண்டுபோய் விடுறதோ, நீங்களே முடிவு பண்ணுங்க டீச்சர்."

நேற்று போனில் "வாங்கியாச்சு, போட்டுத்தான் பாரேன்" என்றீர்கள். என் கையில் போட்டுப் பார்த்ததை அப்போது சொல்லவில்லை. பட்டியை மாட்ட எனக்கு மனம் இல்லை. பாப்பாவை நினைத்தால் பயமும் போகவில்லை. இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன். புதன்கிழமை எழுதியதை இரண்டு தடவை படியுங்க. படிச்சிட்டு சீக்கிரம் பதில் போடுங்க.