டிஸ்க்குக்கு ஒரு நிரந்தரப் பெயர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. சொல்வது அம்மா, தட்டுவது உன் தம்பி. அவள் கை நிறைய ஊசியும் நூலுமாகத் தையல் மிஷினில் இருப்பதால் இந்த ஏற்பாடு. இதனால் உனக்கு அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் இரண்டு டிஸ்க்குகளும் கடந்த ஒன்பது நாட்களாக எவ்விதக் கலகமுமின்றி அவரவர் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. நாங்கள் இருவரும் அப்படியே. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக அம்மா நம்புகிறாள், நான் நம்பவில்லை.

உன் அறையில் இப்போது துணிதான் காய்கிறது. சாப்பிட உட்காரும்போது அம்மா இன்னும் மூன்று தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறாள், நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். காலையில் மிஷினைத் தொடுமுன் அப்பாவின் குரலை ஒரு தடவை கேட்டாக வேண்டும் அவளுக்கு. அதே பதிவுதான், கடைக்குப் போகுமுன் மறக்காமலிருக்க அவர் போனில் சொல்லி வைத்தது: துணி சோப்பு ரெண்டு, பல்பு ஒண்ணு, சின்னவனுக்கு அழிரப்பர், இந்த மாசத்துல மூணாவது, திங்கிறானா என்னன்னு தெரியல. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது, அந்தச் சோப்பை எழுநூறு தடவையாவது வாங்கியிருப்பார்.

நீ கிளம்புமுன் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் பொருத்தினாயே, ஒன்றில் அப்பாவின் குரலும் படங்களும், இன்னொன்றில் அம்மாவின் தையல் அளவுகள். கம்ப்யூட்டருக்கு ஆள் தெரியாது. ஆன் செய்யும்போது எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் பெயர், மற்றதற்கு இரண்டாம் பெயர்; வரிசை மாறினால் பெயரும் மாறிவிடும். இப்படிப் பெயர் கொடுத்து இணைத்துக்கொள்வதைத்தான் நீ மவுண்ட் என்பாய். அம்மா ‘அப்பா’ என்ற கோப்புறையைத் திறந்தால் யாரோ ஒரு அம்மாளின் இடுப்பளவு வருகிறது. மவுண்ட் மாறினால் அம்மா மவுனம். நீ போனில் வந்து மணிக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சரிசெய்வாய், நாலு நாளில் மறுபடி மாறும். இப்படி ஐந்து தடவை. ஆறாவது தடவை உனக்கு ஷிப்ட், போனை எடுக்கவில்லை.

அம்மா முக்குக்கடை கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அழைத்து வந்துவிட்டாள். அவர் பார்த்துவிட்டு, டிஸ்க் போயிடுச்சும்மா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தரேன், அஞ்சு நிமிஷ வேலை என்றார். அம்மா கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, வேற வழி இல்லேன்னா செய்யுங்க என்றாள். அப்போது எழுந்தேன் அக்கா நான். கொஞ்சம் தள்ளுங்கண்ணே, இது குடும்ப விவகாரம் என்று கீபோர்டை வாங்கினேன். ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் ஒரு நீளமான எண் இருக்கிறது, எதில் செருகினாலும் மாறாது. மவுண்ட் பட்டியலில் முதல், இரண்டாம் என்றிருந்த பெயர்களை நீக்கிவிட்டு அந்த எண்களைப் போட்டேன். ஒவ்வொன்றும் கோடுகளோடு முப்பத்தாறு எழுத்து. அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள், நான் தட்டினேன். தம்பி, நம்ம கடைக்கே வந்திடுறியா என்று மெக்கானிக் கேட்டுவிட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள், ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, தம்பியைப் பற்றிக் கவலை வேண்டாம், பொறுப்பு வந்துவிட்டது என்கிறாள் அம்மா. இந்த வரியை நான் கேட்டு வாங்கவில்லை. கண் டாக்டரிடம் போவதாகச் சொன்னாயே, இந்த வாரமாவது போ. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் அம்மா

அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள், இனி நான் மட்டும். அந்த எண் விஷயம் நான் கண்டுபிடித்தது இல்லை அக்கா. முதல் தடவையே நீ போனில் சொன்னாய், நோட்டில் எழுதியும் வைத்தேன். செய்துவிட்டேன் என்று சொன்னேனே தவிர, செய்யவில்லை. அந்த ஒரு தடவைதான் தானாக மாறியது, மற்ற ஐந்தும் நான் கேபிளை மாற்றிச் செருகியது. அன்றைக்கு நீ இரண்டு மணி நேரம் பேசினாய், நடுவில் டிஸ்க்கையே மறந்து மூன்று பேரும் சிரித்தோம். அதற்காகத்தான். அழித்துவிடச் சொல்லும் அளவுக்கு அம்மா போவாள் என்று நினைக்கவில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது எதுவும் பழுதாவதில்லை, நீ கூப்பிடுவதும் இல்லை. என்னைத் திட்டுவதற்காவது கூப்பிடு.