இரண்டு கல், ஒரு விசில்

1938 அக்டோபர் 10, திங்கள். மேனாம்பேடு.

காலை முதல் தூறல். ஏரியல் கம்பி தொய்ந்துவிட்டது, கட்டவேண்டும்.

தபாலில் வயர்லெஸ் இலாகா நோட்டீஸ். பொழுதுபோக்குக்கு நான் வீட்டில் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டரின் அலை அனுமதித்த எல்லையைத் தாண்டுகிறதாம். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் மீட்டரோடு வருகிறார். தப்பு உறுதியானால் லைசென்ஸ் ரத்து. நாலு வருஷம் நடையாய் நடந்து வாங்கிய லைசென்ஸ்.

தாண்ட வாய்ப்பே இல்லை. என் செட்டில் அலையைப் பிடித்து நிறுத்துவது படிகக் கல். லண்டனிலிருந்து வந்தது. விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று முத்திரை குத்திய காகிதமே இருக்கிறது. அவர்கள் மீட்டர்தான் பழுது.

இன்னொரு கல் சாட்சி சொன்னால் வாயடைத்துப் போவார்கள். நாளை பூந்தமல்லி. பாட்டரி சார்ஜ். குடை ரிப்பேர்.

அக். 11, செவ்வாய்.

மூன்று நாள் லீவு போட்டுவிட்டு பூந்தமல்லி. சைக்கிள், சேறு, முழங்கால் வரை.

காதர் பாய் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவர். போன மாதம் ஒரு படிகத் துண்டைக் கொடுத்து, சீமைக் கல்லின் காகிதத்தில் உள்ள அதே எண்ணுக்குத் தேய்க்கச் சொல்லியிருந்தேன். தயார்.

"ஒரு மாசம் அண்ணாத்தே. கடசி பத்து நாளு நாளைக்கு ஒரே ஒரு இழுப்புதான் தேச்சேன். நம்ப மச்சான் ஹார்பர்ல வயர்லெஸ் வேலைல கீறான்ல, அவன் மீட்டர்ல வெச்சிப் பாத்துட்டான். கரீட்டா கீதுன்னான்."

வீடு வந்து இரண்டு கல்லையும் தனித்தனி வால்வில் ஓட்டி ரிசீவரில் கேட்டேன். இரண்டும் ஒன்றானால் சத்தமே வராது. விசில் வருகிறது. பக்கத்து வீட்டு ஆர்மோனியத்தோடு ஒத்துப் பார்த்ததில், விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் அதிர்வு வித்தியாசம். காதர் கல்தான் குறைவு.

எரிச்சல்.

அக். 12, புதன்.

வால்வு மாற்றினேன். விசில். பாட்டரி மாற்றினேன். விசில். கல் உட்காரும் தாங்கியைக் கழுவித் துடைத்தேன். விசில்.

சாரதா: "ஏங்க, விடிஞ்சதுலேந்து ஒரே விசிலு. பால்காரரு ஊட்டாண்ட ரயிலு வருதான்னு கேக்குறாரு."

சாப்பாடு ஆறிப்போயிற்று. அவள் மேல் எரிந்து விழுந்தேன். தப்பு.

ஹார்பர் மச்சான் எந்த மீட்டரைக் கண்டார்? லண்டன் முத்திரைக்கு முன்னால் அதெல்லாம் எந்த மூலைக்கு?

தீர்மானம்: காதர் கல்லை நானே தேய்ப்பது. தேய்த்தால் அதிர்வு ஏறும். ஏறினது இறங்காது. ஜாக்கிரதை.

அக். 13, வியாழன்.

கண்ணாடிப் பலகை, உரைபொடி, ஒரு சொட்டு எண்ணெய். நாலு சுற்று. கழுவி, உலர்த்தி, மாட்டிக் கேட்டேன். விசில் கொஞ்சம் இறங்கியது. மறுபடி. மறுபடி. விரல் நுனி எரிகிறது. மாலை நாலரைக்கு விசில் உறுமலாகி, உறுமல் அடங்கி, நிசப்தம்.

இரண்டும் ஒன்று. சாரதாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "ஒண்ணுமே கேக்கலியே" என்றாள். அதுதானடி வேண்டும் என்றேன்.

வெள்ளி: ரயில்வே ஸ்டேஷன் டூட்டி. மழை. எழுத ஒன்றும் இல்லை.

அக். 15, சனி.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர், காபி கூடச் சாப்பிட்டார். சீமைக் கல்லை அளந்தார். எல்லைக்கு மேலே. காகிதத்தில் உள்ள எண்ணைவிட ஆயிரம் அதிர்வு அதிகம்.

நம்பவில்லை நான். இரண்டாவது கல்லை நீட்டினேன். அதுவும் அதே ஆயிரம்.

"மிஸ்டர், வேற கல் இருக்கா? காகிதத்துல உள்ள எண்ணுக்கே இருந்தாப் போறும். மாட்டிட்டு ஓட்டுங்கோ, எச்சரிக்கைன்னு எழுதிட்டுப் போயிடறேன்."

இல்லை என்றேன். இந்த இரண்டாவது எப்படி இப்படி என்று கேட்டார். என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அது பூந்தமல்லியில் ஒரு கண்ணாடிக்காரர் தேய்த்தது, அவருக்கு என்ன தெரியும்" என்றேன். தலையசைத்து எழுதிக்கொண்டார். செட்டுக்கு அரக்கு சீல். அவர் எழுதிய ரிப்போர்ட்டின் நகல் என் கையில்.

அவர் போனபின் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். காதர் கல் ஆயிரம் குறைவு. சரியாக இருந்த ஒரே கல் அதுதான். என் கையால் கெடுத்தேன்.

அக். 16, ஞாயிறு.

வெயில். காதர் பாய் பாடி கிராமம் வரை லாரியில் வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். வாசலிலேயே, "இன்னா அண்ணாத்தே, ஆபீசரு நம்ப கல்லப் பாத்தாரா? இன்னா எழுதினாரு?"

மேஜைமேல் நகல் கிடந்தது. அவருக்கு இங்கிலீஷ் வராது. எடுத்து நீட்டி, படிச்சிக் காட்டு என்றார். அதில் இருப்பது: இரண்டாவது கல் பூந்தமல்லியில் கைவேலையாகத் தேய்த்தது, நம்பத் தகாதது.

"வேலை சுத்தம்னு எழுதியிருக்கார், பாய்" என்றேன்.

முகமெல்லாம் சிரிப்பு. மச்சானிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும் என்று, கேட்காமலேயே நகலை நாலாய் மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.