பின்னால நிக்கற புள்ளைக்குச் சொல்லிக் குடு

அன்பு மாறாத கலாக்காவுக்கு,

இங்கே பாலக்காட்டுக் காற்று தொடங்கிவிட்டது. முதலாண்டுப் பிள்ளைகள் பறக்கிற துப்பட்டாவை ஒரு கையிலும் சான்றிதழ்க் கவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எந்தக் கட்டடத்துக்குள் நுழைவது என்று தெரியாமல் வாசலில் நிற்கிறார்கள். கூட வந்த அம்மாக்கள் செக்யூரிட்டியிடம் "ஏனுங்க, கணக்கு படிக்கற எடம் எதுங்க?" என்று கேட்கிறார்கள். எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் மட்டும்தான் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் போன நேரம் சரியே இல்லை அக்கா. அட்மிஷன் சமயத்தில் ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷி, போயும் போயும் ஜூன் மாதத்திலா போவது? டிசம்பர் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிவிட்டு என்னிடம் கேட்டதுகூட "சுமதி, மேசையைப் போட்டாச்சுங்களா?" என்பதுதான். நாளைக்குப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரியில் கலாக்கா கணக்குப் பேராசிரியை, நான் தமிழ். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வரும்போது அலுவலகப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பழைய மர மேசையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். யாரும் அவரை நியமிக்கவில்லை. பட்டம் வாங்க என்னென்ன பாடம் படிக்க வேண்டும், எதை எந்தப் பருவத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்லி, பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மொழிப் பாடம், முதன்மைப் பாடம், சார்புப் பாடம், கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சுற்றுச்சூழல் மாதிரி சின்னச் சின்னப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு கிரெடிட். அவ்வளவும் சேர்ந்தால்தான் டிகிரி. அதில் ஒன்று குறைந்தாலும் மற்றதில் எத்தனை மார்க் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று மட்டும் நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். ஒரு தடவை நான் கேட்டதற்கு எனக்கு விழுந்த திட்டு நினைவிருக்கிறதா?

"அதை மட்டும் கேட்டுப்போடாதீங்க சுமதி. நம்மூருப் புள்ளைககிட்ட எதைக் கேட்டாலும் 'சரிங்க'தான் வரும். பெரியவங்க மூஞ்சிக்கு நேரா புரியலீங்கன்னு சொன்னா மரியாதை இல்லைன்னு வளர்த்து வெச்சிருக்கறோம். அந்த 'சரிங்க'வை நம்பி கையெழுத்துப் போட்டா அவ்வளவுதான்."

அதனால் உங்களுக்கு வேறு வழி இருந்தது. எதிரே நிற்கிற பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்லுவீர்கள். "அம்மணி, இப்ப நீ பின்னால நிக்கற புள்ளைக்குச் சொல்லிக் குடு. நான் கேட்டுட்டு இருக்கறேன்." அவள் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் உங்கள் பேனா மூடியைக் கழற்றாது. தப்பாகச் சொன்னால் திட்டு இல்லை, மறுபடியும் முதலில் இருந்து. வரிசை கேன்டீன் வரைக்கும் நீளும். முதல்வர் வந்து, "ஏனுங்க மேடம், ரேஷன் கடை மாதிரி ஆக்கிப்போட்டீங்களே" என்றபோது, "ரேஷன் கடையிலயும் அளந்துதானுங்க சார் போடறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இப்போது இருப்பவர் சிரிப்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நீங்கள் போன அதே மாதம், பாடப் பதிவுக்கு மென்பொருள் வந்தது. பிள்ளைகளைக் கூட்டமாக ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து, கம்பெனியில் இருந்து வந்த ஒரு பையன் திரையில் படம் படமாகக் காட்டினான். கெட்ட பையன் இல்லை, வேகமாகப் பேசுகிறவன். முடித்துவிட்டு, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டான். "சரிங்க சார்" என்று மண்டபமே சொன்னது. நிர்வாகத்தினர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கலா மேடம் நாள்கணக்கில் இழுத்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் மேசை கேன்டீனுக்குப் போய்விட்டது. இப்போது அதன்மேல் சாம்பார் அண்டா இருக்கிறது.

அந்த மண்டபத்தில் "சரிங்க சார்" சொன்னவர்களில் ஒருத்தி கோகிலா. தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறார். உங்கள் துறை, கணக்கு. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, பி.எட். முடித்துத் தான் படித்த பள்ளிக்கே கணக்கு டீச்சராகப் போக வேண்டும். என் தமிழ் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருவாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுவாள், கேட்காவிட்டால் வாயே திறக்க மாட்டாள். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து தமிழ்த் துறை வாசலில் நின்றாள். எல்லாத் தேர்விலும் பாஸ், நல்ல மார்க். பி.எட். சேரவும் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் சுற்றுச்சூழல் பாடம் குறைகிறது என்று வருகிறது. அவள் அதைப் பதிவே செய்யவில்லை.

எப்படி விட்டுப்போனது என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"நான் கேட்டனுங்க மிஸ். முதல் வருசம் பதிவு பண்றப்ப அந்தப் பாடத்துல எடம் நெறைஞ்சுபோச்சுன்னு வந்துச்சுங்க. படம் காட்டின அந்த அண்ணங்கிட்டப் போய்க் கேட்டேன். அடுத்த வருசம் தானா வந்துரும், ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொன்னாருங்க. சரிங்கன்னு வந்துட்டேன்."

"அடுத்த வருஷம் வரலைன்னு பார்க்கலையா?"

"பார்த்தனுங்க. வரும்னு சொல்லியிருக்கறாங்களேன்னு இருந்தேன். ஒருக்கா கேட்டாச்சுங்களே மிஸ். மறுபடியும் போய் நின்னா அவங்க சொன்னதை நம்பாத மாதிரி ஆயிருமுங்க."

கலாக்கா, எனக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. மரியாதைக்காக ஒரு பெண் மூன்று வருஷம் காத்திருந்திருக்கிறாள். யாரோ ஒரு பையன் அவசரத்தில் சொன்ன வார்த்தையைச் சந்தேகப்படுவது அவனை அவமானப்படுத்துவது ஆகிவிடும் என்று காத்திருந்திருக்கிறாள். தோற்றுப்போன பாடமாக இருந்திருந்தால் அரியர் பட்டியலில் வந்திருக்கும், யாராவது கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள். பதிவே செய்யாத பாடத்தில் தோற்க முடியாதே! அந்தப் பாடத்தைச் சிலர் முதல் வருஷத்திலும் சிலர் இரண்டாம் வருஷத்திலும் எடுப்பதால் கூடப் படித்தவர்களுக்கும் தெரியவில்லை.

தேர்வு அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "நான் எங்க போய்க் கொண்டாறதுங்க மேடம்? சிஸ்டத்துல இல்லீங்களே. ரூல்ஸ் நான் போட்டதுங்களா?" என்றார். இனி அவள் பதிவு செய்து, நவம்பரில் பரீட்சை எழுதி, முடிவு வந்து, பட்டம் கைக்கு வருவதற்குள் இந்த வருஷத்து பி.எட். சேர்க்கை முடிந்து போயிருக்கும். கம்பெனிக்காரர்களிடம் கேட்டால், படித்துப் புரிந்துகொண்டேன் என்று மாணவியே பெட்டியில் டிக் அடித்திருக்கிறார் என்று பதில் வருகிறது. அதுவும் ரொம்ப மரியாதையான பதில். நம்மூரில் கழுத்தை அறுப்பதைக்கூட ஒரு 'ங்க' போட்டுத்தான் செய்கிறோம்.

ஒரு வருஷம்தானே, அடுத்த வருஷம் சேரட்டும் என்று அவள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கூட்டுக்காரரு கண்டிசனாச் சொல்லிப்போட்டாருங்க டீச்சர். காங்கயத்துப் பக்கம் ஒரு மாப்பிள்ளை எடம் வந்திருக்குது. பி.எட்.டுக்கு இந்த வருசம் சேர்ந்தா படிக்கட்டும், இல்லீன்னா ஆவணியிலயே முடிச்சுப்போடலாம்னு. இத்தனை படிச்சும் பட்டம் குடுக்கலீன்னா இவ என்னமோ தப்புப் பண்ணிப்போட்டான்னு அவரு நெனைக்கறாரு. நான் என்னங்க பண்ணட்டும்?"

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகத் தாராபுரம் போய் அந்த அப்பாவின் முன்னால் உட்கார்ந்திருப்பீர்களா? நானும் போனில் பேசினேன் அக்கா. அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே.

இந்த வருஷமும் மேசை கேட்டு எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாமுங்க" என்றார்கள். மேசை வரவில்லை. அதனால் வகுப்பு இல்லாத நேரத்தில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்கிறேன். தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, பின்னால் நிற்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடு என்கிறேன். பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்கள். பதிவுக்கான நாள் நாளையோடு முடிகிறது. நான் பிடித்து நிறுத்தியவர்களைவிடப் பிடிக்காமல் விட்டவர்கள் பல மடங்கு. அவர்களில் எத்தனை கோகிலாக்கள் இருக்கிறார்கள் என்பது இன்னும் மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். இது தேறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கோகிலா மாற்றுச் சான்றிதழை வாங்க வந்திருந்தாள். அம்மா அலுவலகத்துக்குள் இருந்தார். இவள் தொட்டியடியில் என் பக்கத்தில் நின்றாள். அப்போது தொண்டாமுத்தூரில் இருந்து வருகிற ஒரு புதுப் பெண், இவளை இன்னும் இங்கே படிக்கிற சீனியர் என்று நினைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

"அக்கா, இதுல எடம் நெறைஞ்சுபோச்சுன்னு வருதுங்க. உட்டுப்போடலாங்களா?"

கோகிலா போனை வாங்கிப் பார்த்தாள். சுற்றுச்சூழல் பாடம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். டிகிரி எப்படி நிறைகிறது, இந்தச் சின்னப் பாடம் எதற்கு, இப்போது இடம் இல்லை என்றால் யாரிடம் எழுதிக் கொடுப்பது, அடுத்த பருவத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என்று, உங்களைப் போலவே நிதானமாக, ஒன்றுவிடாமல். "தானா வரும்னு ஆரு சொன்னாலும் நம்பாத கண்ணு. திரும்பத் திரும்பப் போய்க் கேளு. ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாங்க." அந்தப் பெண் "சரிங்க அக்கா" என்றாள். கோகிலா விடவில்லை. "சரிங்க வேண்டாம். நான் சொன்னதை இப்ப நீ எனக்குச் சொல்லு" என்றாள்.

உங்களை அவள் பார்த்ததே இல்லை கலாக்கா. மேசை இருந்த இடம்கூட அவளுக்குத் தெரியாது. எவ்வளவு நல்ல டீச்சர் ஆகியிருப்பாள்! அந்தப் புதுப் பெண் சொல்லி முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே இருந்து அம்மா வந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், சிங்காநல்லூரில் பஸ் பிடிக்க நேரமாகிறதாம். நவம்பரில் வந்து அந்தப் பரீட்சையை எழுதிவிடு, பட்டமாவது கையில் இருக்கட்டும் என்று சொன்னேன்.

"சரிங்க மிஸ். வாரேனுங்க" என்றாள்.

அதைத் திரும்பச் சொல் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

உங்களுக்குப் பெரிய வாக்குறுதி எதுவும் தர என்னிடம் தெம்பு இல்லை. மேசையை மீட்டுவிடுவேன் என்றோ, அந்த அப்பாவின் மனதை மாற்றிவிடுவேன் என்றோ சொல்ல மாட்டேன். நாளைக்கும் தொட்டியடியில் நிற்பேன். நவம்பர் பரீட்சைக்குப் பதிவு செய்கிற நாள் வரும்போது கோகிலாவைக் கூப்பிடுவேன். போனை யார் எடுத்தாலும், அவள் எந்த ஊரில் இருந்தாலும், மறுபடியும் மறுபடியும் கூப்பிடுவேன். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. மரியாதை பார்க்க மாட்டேன் அக்கா, இது சத்தியம்.

உங்கள் வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்ற தங்கச்சி,
சுமதி