வாப்பாவின் மஃரிப் தொழுகை

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தையல் காய்ந்துவிட்டதா? நீங்கள் கொடுத்த கிட்னி வாப்பாவுக்கு நன்றாக வேலை செய்கிறது, பயப்பட வேண்டாம்.

எனக்கு இங்கே துணைக்கு நிற்கும் சாச்சாவோடுதான் கோபம். நேற்று அந்தியில் வாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி மஃரிபை இரண்டு ரக்அத்தில் முடித்தார்.

"பயணத்தில சுருக்கித் தொழுறாரு புள்ள, நீ சும்மா இரி" என்றார் சாச்சா.

நாலு ரக்அத்துத் தொழுகையைத்தான் சுருக்கலாம், மஃரிப் எங்கே போனாலும் மூன்றுதான் என்று மத்ரஸாச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்! வார்டுத் தாதியிடம் சொன்னேன், அவரும் சிரித்தார். மூன்றாம் முறை நான் டொக்டரை மறித்துச் சொன்ன பிறகே இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கிருமித்தொற்றால் அமோனியா கூடி மூளையைக் குழப்பியிருக்கிறதாம். மருந்து ஏறுகிறது.

வாப்பா இன்னும் என்னை 'றாஹிலா' என்று உங்கள் பெயரால்தான் கூப்பிடுகிறார். என் விஞ்ஞானப் புத்தகத்தையும் உங்கள் பழைய தொழுகை உடுப்பையும் கல்முனை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். உடுப்பைக் கழுவ வேண்டாம், உங்கள் வாசம் அதில் இருக்கட்டும்.

மஃரிபுக்குப் பாங்கு கேட்கிறது. வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து ரக்அத்தை எண்ண வேண்டும்.

உங்கள் மகள்,
நஸ்மிலா