வெர்னா பெயரில் ஒரு டிக்கெட்

பிட்ஸ்பர்க்,
4 ஜூன் 1978

என் அன்பு வெர்னா,

மூன்று வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு அடுப்பில் போட்டுவிடாதே. முழுதும் படித்துவிட்டுப் போடு.

முப்பத்தொரு வருஷம் பால்டிமோர் நகரப் பேருந்தை ஓட்டியது போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டையும் விற்றுவிட்டேன். நீ இல்லாத சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகிப்போனது. அதெல்லாம் ஒரு வாழ்க்கையா? மூட்டை முடிச்சைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடல் குறுக்கே வரும்வரை மேற்கே ஓட்டப்போகிறேன். நடுவில் எந்த ஊரில் பேஸ்பால் நடந்தாலும் இறங்கி ஓர் ஆட்டம். கல்யாணமான புதிதில் நாம் திட்டம் போட்டோமே, அதே பயணம்தான்.

நேற்று இங்கே டிக்கெட் ஜன்னலில் வாய் தானாக "ரெண்டு" என்றது. பக்கத்து இருக்கையில் கோட்டைப் போட்டு வைத்தேன். கடலை விற்கிறவன் வந்து, "என்ன பெரியவரே, வீட்டம்மா கழிவறை வரிசையில மாட்டிக்கிட்டாங்களா?" என்றான். "ஆமாப்பா, மூணு வருஷமா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பதினேழாம் தேதி, சனிக்கிழமை, கான்சஸ் சிட்டியில் மதிய ஆட்டம். உன் அக்கா வீட்டிலிருந்து நாலு மணி நேரம்தான். மைதான ஜன்னலில் உன் பெயரில் ஒரு டிக்கெட் இருக்கும். நீ வந்தால், நீ கைகாட்டும் ஊரில் வண்டியை நிறுத்திக் குடித்தனம் வைப்போம். வராவிட்டால் கடற்கரைப் பக்கம் ஏதாவது ஓர் அறை எனக்குக் கிடைக்காமலா போகும். செயின்ட் லூயிஸ் தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு எழுது. போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன்
டெல்பர்ட்


லிங்கன், நெப்ராஸ்கா
9 ஜூன்

டெல்பர்ட்,

அடுப்பில் போடவில்லை. ஆர்டிஸ் அக்கா போடத்தான் சொன்னாள். "அந்த ஆளுக்குப் பொண்டாட்டியாடி வேணும்? பக்கத்து சீட்டுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்" என்கிறாள்.

ஊர்க் கதையெல்லாம் எழுதினாய். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? நிலவறைப் படியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரி மைதானத்துக்குப் போன் செய்து, ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வைத்தாள். உன் காதில் விழுந்தது. நீ எழுந்திருக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம், அன்றைக்குப் பார்த்து பதினாலு வரை இழுத்தது. கடைசி ஆள் அவுட் ஆன பிறகுதான் வந்தாய். கதவு திறக்கும்போதெல்லாம் நீதான் என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன், டெல்பர்ட். கடைசியில் உன் முகத்தைப் பார்க்காமலே அறுவை சிகிச்சைக்குப் போனேன்.

மழை கொட்டினாலும், நம் ஆட்கள் பத்து ஓட்டம் பின்தங்கிக் கிடந்தாலும், நீ பாதியில் எழுந்து வந்தவன் இல்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

வருகிறேன் என்று சொல்ல மாட்டேன். எனக்காகக் காத்திருக்காதே. வழியில் கண்டதையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

வெர்னா


செயின்ட் லூயிஸ்
13 ஜூன்

வெர்னா கண்ணே,

உன் கடிதத்தைத் தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன்.

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்டதும், நிலவறையில் மறுபடியும் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர்தானே, ஆட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். இது சமாதானம் இல்லை. தண்ணீராகவே இருந்தாலும் நீ கூப்பிட்டால் நான் எழுந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. இதை எழுத மூன்று வருஷம் ஆன முட்டாளை என்னவென்று சொல்வது?

டிக்கெட் இருக்கும். வா.

டெல்பர்ட்


கான்சஸ் சிட்டி
17 ஜூன், மாலை

அன்புள்ள வெர்னா,

இன்று ஆட்டத்தை எங்கே பார்த்தேன்? படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் நான் எழுதி நிரப்பும் ஸ்கோர் அட்டையில் மூன்றாவது இன்னிங்ஸுக்குப் பிறகு வெறும் கட்டங்கள்தான். கைத்தடியோடு யார் இறங்கி வந்தாலும் பாதி எழுந்து உட்கார்ந்தேன்.

ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நானும் எழுந்தேன். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. காத்திருக்காதே என்று நீ எழுதியிருந்தாய். உன் பேச்சை ஒரு தடவையாவது கேட்போம் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்தவர், "என்னய்யா, இப்பதான் சூடு பிடிக்குது, கிளம்புறீங்க?" என்றார். ஸ்கோர் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வந்துவிட்டேன்.

உன் பதில் புரிந்துவிட்டது. இனி தொந்தரவு செய்ய மாட்டேன். விசிட்டா, அமரில்லோ, ஆல்புகர்க்கி வழியாகப் போகிறேன். எந்தத் தபால் நிலையத்திலும் நின்று கடிதம் உண்டா என்று கேட்கப்போவதில்லை. இல்லை என்று சொல்வார்கள், எதற்கு? உடம்பைப் பார்த்துக்கொள்.

டெல்பர்ட்


லிங்கன்
21 ஜூன்

என் டெல்பர்ட்,

நான் வந்தேன்.

அக்காவோடு சண்டை போட்டு, அவள் வண்டியையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செயின்ட் ஜோசப் தாண்டும்முன் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. மெக்கானிக், "ஒரு மணி நேரம் ஆகும்மா" என்றான். நான் பதறவே இல்லை. எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து ஆப்பிள் பை தின்றேன், உதட்டுச் சாயத்தைத் துடைத்து மறுபடி பூசினேன். வண்டி தயாரான பிறகும் இன்னொரு காபி குடித்தேன். மூன்று வருஷம் காத்திருந்தவளுக்காக நீயும் கொஞ்சம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிரு என்று ஒரு கொழுப்பு. உலகமே புரண்டாலும் கடைசி ஆள் அவுட் ஆகும்வரை நீ அங்கேதான் இருப்பாய். அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

ஜன்னலில் இருந்த பெண், "எட்டாவது இன்னிங்ஸ் நடக்குது, இப்பவா வர்றீங்க?" என்றாள். "என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு" என்றேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன், டெல்பர்ட்.

படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினேன். உன் பக்கத்து இருக்கைக்காரர் என் தடியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஐயோ, உங்களையா தேடிக்கிட்டிருந்தாரு அந்த மனுஷன்? கால் மணி நேரம் முன்னாடிதாம்மா எழுந்து போனாரு!" என்றார்.

எழுந்து போனாயா? நீயா? அன்றைக்கு எழுந்திருக்கவில்லை என்றுதானே உன்னை விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கு உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று அந்த மனிதர் முன்னால் வாய்விட்டு அழுதேன். கடைசி ஆள் அவுட் ஆனான். கூட்டம் போய்விட்டது. பெருக்குகிறவர்கள் வந்து என் வரிசையை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். ஒருவேளை திரும்பி வருவாயோ என்று உட்கார்ந்தே இருந்தேன்.

கோபமெல்லாம் போய்விட்டது. எந்த ஊரானாலும் சரி, எனக்கு உன்னோடு இருக்க வேண்டும்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. உனக்கு இப்போது வீடும் இல்லை, விலாசமும் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தையே மூன்று முறை எழுதி, விசிட்டாவுக்கு ஒன்று, அமரில்லோவுக்கு ஒன்று, ஆல்புகர்க்கிக்கு ஒன்று போடுகிறேன். விசிட்டாவை நீ தாண்டியிருப்பாய் என்று அக்கா சொல்கிறாள். இருந்தாலும் போடுகிறேன்.

எங்கேயும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரே ஓர் ஊரில் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் உன் பெயரைச் சொல்லிக் கேள்.

உன்
வெர்னா