கிப்லாவைப் பார்த்த டிஷ்

வெள்ளிக்கிழமை, இரவு.

வென்றுவிட்டேன். மஃரிப் தொழுகைக்குள் படம் வராவிட்டால் டிஷ்ஷைக் கழற்றிவிடு என்றிருந்தார் வீட்டுக்கார ஹாஜியார். அதைப் பூட்ட வந்த ஆளோ, முன்னறைச் சுவரில் தொழும் திசை காட்ட ஒட்டியிருந்த கிப்லா அம்புக்குறியைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பிவிட்டுப் போய்விட்டான். சிக்னல் துளியும் இல்லை.

"ஊருல எல்லா டிஷ்ஷும் கிப்லாப் பக்கந்தானே மனே பாக்குது?" என்றார் ஹாஜியார்.

"கொஞ்சம் பிசகினா அல்லாஹ் மன்னிப்பான் ஹாஜியார். சட்டலைட் மன்னிக்காது."

மொட்டை மாடிக்கு ஏறி, டிஷ்ஷை நானே கொஞ்சம் தெற்குப் பக்கமாக இழுத்துத் திருப்பினேன். எச்.டி. படம் பளிச்சென்று வந்தது. கிரிக்கெட்டில் பந்து வீசுபவனின் வியர்வைகூடத் தெரிந்தது. ஹாஜியார் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். பள்ளியில் பாங்கு சொன்னதும்தான் எழும்பினார்.

"நிப்பாட்டிப் போடாத மனே, தொழுதுட்டு ஓடி வாறன்."

வந்தார். இன்னும் முன்னறையில்தான் இருக்கிறார். எப்போது போவாரோ, கேட்கவும் முடியவில்லை.