ரீச்சர் வீட்டுத் தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. கம்பஸிலிருந்து நான் அனுப்பிய செய்திகளைக்கூடப் பக்கத்துக் கடையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் நீங்கள். இதையும் யாராவது வாசித்துக் காட்டட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். நேரில் என்றால் இவ்வளவு கதைத்திருக்க மாட்டேன், தெரியும்தானே.

நான் இப்போது ரீச்சர், அப்பா. கனகராயன்குளத்துக்கு உள்ளே ஒரு சிறிய பள்ளிக்கூடம். எட்டாம் ஆண்டுக்கு விஞ்ஞானம். விடையை நாங்கள் சொல்லக் கூடாது, பிள்ளைகளே கேள்வி கேட்டுத் தேடிப் படிக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கவில்லை. "விடையைச் சொல்லுங்கோ ரீச்சர், எழுதிப் பாடமாக்கிறம்" என்றார்கள். நான் படிக்கிற காலத்தில், வாய்க்காரி என்று பெயர் வருமோ என்று பயந்து கேள்வி கேட்காமல் இருந்த வகுப்புகள் ஞாபகம் வந்தன.

ஒரு நாள், கடைசி வாங்கில் இருக்கும் திவ்யா மெதுவாகக் கேட்டாள். "எங்கட தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள்ள சுண்ணாம்பு பூசின மாதிரிக் கிடக்கு. எல்லார் வீட்டிலயும் அப்பிடியோ ரீச்சர்?"

"எனக்குத் தெரியாது. பாப்பமா?" என்றேன்.

"கம்பஸுக்குப் போன ரீச்சருக்கே தெரியாதாம்!" என்றான் ரஜீவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு வாய் வந்தது.

ஐந்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் போத்தல்களில் வந்தது. ஆறாவதாக எங்களுடையதை நான் கொண்டுபோனேன். ஆறு சில்வர் மூடிகளில் ஒரே அளவு ஊற்றி, வீட்டுப் பெயரை ஒட்டி, தண்ணீர் வற்றும்வரை வெயிலில் வைத்தோம். எதில் வெள்ளை குறைவாகப் படியும் என்று ஆளுக்கொரு ஊகம் எழுதினோம். நான் கரும்பலகையில் பெரிதாக "ரீச்சர் வீடு" என்று எழுதினேன். என் அப்பா தன் கையால் வெட்டிய கிணறு என்றும் சொன்னேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, சொந்தக் காணியில் நீங்கள் முதலில் வெட்டியது அதுதானே. "இந்த ஊர்லயே நம்ம தண்ணிதான் தண்ணி" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பீர்கள்.

மூன்றாம் நாள் பார்த்தால், எங்கள் பெயர் ஒட்டிய மூடியில்தான் ஆகக் குறைந்த வெள்ளை. எனக்கு எவ்வளவு சந்தோசம்! பிறகுதான் கவனித்தேன். எங்கள் தண்ணீரை ஊற்ற நான் வீட்டிலிருந்து கொண்டுபோன மூடி விளிம்பில் நெளிந்தது. அந்த நெளிந்த மூடியில் "திவ்யா வீடு" என்று ஒட்டியிருந்தது. அதில்தான் ஆகக் கூடுதலான வெள்ளை.

"ஆர் மாத்தினது?"

திவ்யா எழுந்தாள். "நான்தான் ரீச்சர். உங்கட அப்பா வெட்டின கிணறெண்டு சொன்னீங்கள். பாவமாக் கிடந்தது."

"எல்லாரும் சேந்துதான் ரீச்சர்" என்றான் ரஜீவன். "நெளிஞ்ச மூடியில எங்கட வீட்டுப் பேரை ஒட்டுவம் எண்டு நான் சொன்னனான். இவள் விடேல்ல."

எப்படி ஏசுவது, அப்பா? முகத்தை மறைக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். என் ஊகத்தை நானே கோடு போட்டு வெட்டினேன். "நான் சொன்னதை எழுதவேண்டாம். கண்டதை எழுதுங்கோ." திவ்யா பெயர்த் துண்டுகளைக் கழற்றி, சரியான மூடிகளில் திருப்பி ஒட்டினாள்.

"அப்ப வெள்ளை கூடின தண்ணி, குடிக்கக் கூடாத தண்ணியோ?" என்று அடுத்த கேள்வி வந்தது. "மூடியைப் பாத்து அதைச் சொல்லேலாது" என்றேன். போத்தல்களை வவுனியாவில் தண்ணீர் பரிசோதிக்கிற இடத்தில் கொடுத்தோம். எங்கள் கிணற்றுக்கு வந்த கடதாசியில், குளிக்கலாம், பயிருக்கு விடலாம், குடிக்க உகந்ததல்ல என்று இருந்தது. நீங்கள் என்ன பிழை செய்தீர்கள்? அடியில் என்ன கல் கிடக்கிறதென்று மண்வெட்டிக்குத் தெரியுமா?

சுத்திகரித்த தண்ணீர் கொண்டுவந்து குசினியில் வைத்தேன். அம்மா தொடவில்லை. "நீ படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அந்த மனுசன் வெட்டுன கெணறு இருக்க, நான் வேற தண்ணி குடிக்க மாட்டேன்" என்கிறா.

கிணற்றை நான் மூடமாட்டேன், அப்பா. வாழைக்கும் கத்தரிக்கும் அந்தத் தண்ணீர்தான். அடுத்த வருடப் பிள்ளைகளிடமும் நான் பிழையாக ஊகித்ததை மறைக்காமல் சொல்வேன். இது என் வாக்கு.

கேட்கக் கூச்சப்பட்டதை இப்போது கேட்கிறேன். நான் சொல்லி அம்மா கேட்கமாட்டா. ஒரே ஒரு முறை அவாவின் கனவில் வாருங்கள். வந்து, நான் கொண்டுவந்து வைத்த தண்ணீரில் ஒரு செம்பு கேட்டு வாங்கி, அவா பார்க்கக் குடியுங்கள்.

உங்கள் மூத்த மகள்